கசியும் கிளட்சும் பாஸ்கல் விதியும்

இங்கிலாந்தில் குளிர்காலம் முடிந்து ஏப்ரல் மாதம் பிறந்ததும் பல வீடுகளில் ஒரு சிறு சடங்கு நடைபெறும். மாதக்கணக்கில் கொட்டகைக்குள் துணி போர்த்தி நிறுத்தி வைத்திருந்த பழைய ஸ்போர்ட்ஸ் காரை வெளியே எடுப்பார்கள். குளிர்காலத்தில் சாலைப் பனியை உருக்குவதற்காக அங்கே உப்பைத் தூவுவார்கள். உப்பு இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். ஆகவே பழைய கார்களைப் பேணுவோர் அந்த மாதங்களில் அவற்றைச் சாலைக்குக் கொண்டு வருவதில்லை.

அப்படி வெளியே எடுக்கப்படும் கார்களில் எம்.ஜி.பி. என்னும் இரண்டு இருக்கைக் கார் மிகவும் புகழ் பெற்றது. ஆக்ஸ்போர்டு நகருக்கு அருகிலுள்ள ஏபிங்டன் என்னும் ஊரில் 1962 முதல் 1980 வரை இது தயாரிக்கப்பட்டது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. இதன் 1798 க.செ.மீ. எஞ்சின் நமக்கு முற்றிலும் அந்நியமன்று. நம் சாலைகளில் பல்லாண்டுகள் ஓடிய அம்பாசிடர் காரின் 1489 க.செ.மீ. எஞ்சினும் இதுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

கார் உரிமையாளர் ஒருவர் இருக்கையில் அமர்கிறார் என்று வைத்துக் கொள்வோம். எஞ்சின் உடனே உயிர் பெறுகிறது. இடது காலால் கிளட்ச் பெடலை மிதிக்கிறார். அது வழக்கமான எதிர்ப்பு எதுவுமின்றிப் பஞ்சில் கால் வைத்ததுபோல் தரைவரை இறங்கிவிடுகிறது. கியரைப் போட முயன்றால் பற்சக்கரங்கள் 'கரகர' என்று கத்துகின்றன. கியர் விழவில்லை.

"கிளட்ச் போய்விட்டது" என்று அவர் முடிவு செய்தால் என்ன ஆகும்? இந்தக் காரில் கிளட்ச் தட்டை மாற்ற வேண்டுமானால் எஞ்சினையே வெளியே தூக்க வேண்டும். சங்கிலி, கப்பி, துணைக்கு ஆள் என்று பெரிய வேலை அது. ஆனால் உண்மையில் கெட்டுப் போனது ஒரு சிறிய ரப்பர் வாஷராக இருக்கலாம். இவ்விரண்டில் எது என்று, எஞ்சினைத் தொடாமலேயே, ஓர் அளவுகோலைக் கொண்டு கண்டுபிடித்துவிட முடியும். அதற்கு வேண்டிய அறிவு உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

கிளட்ச் எதற்கு?

எஞ்சின் ஓயாமல் சுழல்கிறது. சக்கரங்களோ சில சமயம் நிற்க வேண்டும். கியர் மாற்றும்போதும் எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் உள்ள தொடர்பைச் சற்று நேரம் துண்டிக்க வேண்டும். இந்த வேலையைச் செய்வது கிளட்ச். எஞ்சினோடு சுழலும் கனத்த சக்கரத்தின் மீது, கியர் பெட்டியோடு இணைந்த ஒரு தட்டை வலிமையான சுருள்வில் ஒன்றோ, வட்ட வடிவ வில் தகடோ அழுத்திப் பிடித்திருக்கிறது. உராய்வினால் இரண்டும் ஒன்றாகச் சுழல்கின்றன. பெடலை மிதித்தால் வில்லின் பிடி தளர்ந்து தட்டு விடுபடுகிறது.

தட்டு விடுபடுவதற்குத் தேவையான இடைவெளி மிகச் சிறியது. ஆனால் அதைப் பெறுவதற்கு வில்லைப் பெரும் விசையோடு தள்ள வேண்டும். நம் கால் தரும் விசையோ குறைவு. அதைப் பெருக்கித் தர ஓர் ஏற்பாடு வேண்டும் அல்லவா?

கம்பிக்குப் பதில் திரவம்

பெடலையும் கிளட்சையும் இரும்புத் தண்டால் இணைக்கலாம், கம்பியாலும் இணைக்கலாம். பல வண்டிகளில் அப்படித்தான் உள்ளது. ஆனால் எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மீது அமர்ந்திருப்பதால் ஓடும்போது சற்று ஆடிக் கொண்டிருக்கும். பெடல் பொருத்தப்பட்ட காரின் உடலோ ஆடாது. விறைப்பான தண்டால் இரண்டையும் இணைத்தால் அந்த ஆட்டம் காலுக்கும் கிளட்சுக்கும் போய்ச் சேரும். மேலும் எம்.ஜி.பி. போன்ற கார்கள் இங்கிலாந்துக்கு வலப்புற ஸ்டீயரிங்குடனும், அமெரிக்காவுக்கு இடப்புற ஸ்டீயரிங்குடனும் செய்யப்பட்டன. பெடல் எந்தப் பக்கம் இருந்தாலும் வளைத்துக் கொண்டு போகக்கூடிய இணைப்பு இருந்தால் வசதி.

திரவம் நிறைந்த குழாய் இந்த இரண்டு தேவைகளையும் நிறைவேற்றுகிறது. பெடலின் மேல்முனைக்கு அருகில் மாஸ்டர் சிலிண்டர் என்னும் சிறிய உருளை. அதன்மேல் திரவம் நிரம்பிய ஒரு டப்பா. அங்கிருந்து உலோகக் குழாய் ஒன்று கீழிறங்குகிறது. அதன் முடிவில் ஆட்டத்துக்கு ஈடுகொடுக்கும் ரப்பர் ஹோஸ். அதன் மறுமுனையில் கியர் பெட்டியின் முன்புற உறையில் ஸ்லேவ் சிலிண்டர். இந்த இரண்டாவது சிலிண்டரின் பிஸ்டன் ஒரு தண்டைத் தள்ள, தண்டு ஒரு நெம்புகோலைத் தள்ள, அது கிளட்சை விடுவிக்கிறது.

மூடிய கலத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்தில் அழுத்தம் கொடுத்தால் அது குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும் என்பது பாஸ்கல் விதி. பிரான்சு நாட்டு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் இதை விளக்கி எழுதிய நூல், அவர் 1662இல் இறந்த பிறகு, 1663இல் வெளிவந்தது. அவர் மறைந்த அதே 1662ஆம் ஆண்டில்தான் ராபர்ட் பாயில் வாயுக்களின் அழுத்தத்துக்கும் பருமனுக்கும் உள்ள தொடர்பை வெளியிட்டார். இந்த இரண்டு விதிகளும் நம் கிளட்ச் குழாய்க்குள் எப்படி மோதிக் கொள்கின்றன என்பதுதான் நம் கதை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இவ்வகைக் கார்களில் உள்ளவற்றை ஒட்டிய சில அளவுகளை எடுத்துக் கொள்வோம். மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் 1.9 செ.மீ.; அதன் பரப்பு சுமார் 2.8 சதுர செ.மீ. ஸ்லேவ் சிலிண்டரின் விட்டம் 3.2 செ.மீ.; பரப்பு சுமார் 8 சதுர செ.மீ. பெடல் ஒரு நெம்புகோல். அது விசையை 5 மடங்காக்குகிறது என்க.

ஓட்டுநர் 10 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையால் மிதிக்கிறார். மாஸ்டர் பிஸ்டனின் மீது 50 கிலோகிராம் எடை விசை செயல்படுகிறது. இதை 2.8ஆல் வகுத்தால் திரவத்தின் அழுத்தம் கிடைக்கும். அது சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 18 கிலோகிராம் எடை. இதே அழுத்தம் ஸ்லேவ் பிஸ்டனின் 8 சதுர செ.மீ. பரப்பின் மீதும் செயல்படுவதால் அங்கே கிடைக்கும் விசை சுமார் 143 கிலோகிராம் எடை. காலால் கொடுத்த பத்து, நூற்று நாற்பத்து மூன்றாகிவிட்டது!

இலாபம் மட்டும்தானா? இயற்கை எதையும் இனாமாகத் தருவதில்லை. பெடல் 15 செ.மீ. இறங்கினால் மாஸ்டர் பிஸ்டன் 3 செ.மீ.தான் நகரும். அது தள்ளும் திரவத்தின் பருமன் 2.8 × 3 = 8.4 க.செ.மீ. இந்தத் திரவம் 8 சதுர செ.மீ. பரப்புள்ள ஸ்லேவ் பிஸ்டனை 1.05 செ.மீ. மட்டுமே நகர்த்தும். 10 × 15 = 150; 143 × 1.05 = 150. விசையில் பெற்றதைத் தொலைவில் இழந்துவிட்டோம். செய்த வேலை மாறவில்லை.

இந்தக் கணக்கில் ஓர் எண்ணை மனத்தில் இருத்திக் கொள்ளுங்கள்: 8.4 க.செ.மீ. ஒரு முழு மிதிக்கு இடம்பெயரும் திரவம் அவ்வளவுதான். இரண்டு தேக்கரண்டிக்கும் குறைவு. அதுவும் ஒரு பத்து மில்லிமீட்டர் நகர்வைத் தருவதற்கே சரியாக இருக்கிறது. இதில் மிச்சம் பிடிக்க இடமே இல்லை.

குமிழி செய்யும் குழப்பம்

குழாயில் கசிவு ஏற்பட்டால் திரவம் குறையும். டப்பாவில்தான் இன்னும் திரவம் இருக்கிறதே, கொஞ்சம் குறைந்தால் என்ன என்று தோன்றலாம். உண்மையான தொல்லை, வெளியேறிய திரவத்தைவிட, அதன் இடத்தில் உள்ளே நுழைந்த காற்றினால்தான் வருகிறது.

சுமார் 18 கிலோகிராம் எடை அழுத்தத்தில் இத்தகைய திரவத்தின் பருமன் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு சுருங்கும். குழாயிலும் சிலிண்டர்களிலும் 100 க.செ.மீ. திரவம் இருந்தால்கூட 0.1 க.செ.மீ.தான் சுருங்குகிறது. இது பொருட்படுத்தத் தக்கதன்று.

இப்போது 4 க.செ.மீ. காற்று உள்ளே புகுந்துவிட்டது என்க. பெடலை மிதிக்கும்முன் அதன் மீதுள்ள அழுத்தம் வளிமண்டல அழுத்தம். அதாவது சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 1 கிலோகிராம் எடை. மிதித்தபின் 18உம் 1உம் சேர்ந்து 19 ஆகிறது. பாயில் விதிப்படி அழுத்தம் 19 மடங்கானால் பருமன் 19இல் ஒரு பங்காகும். 4 க.செ.மீ. காற்று 0.2 க.செ.மீ. ஆகச் சுருங்கிவிடுகிறது. மாஸ்டர் பிஸ்டன் தள்ளிய 8.4 க.செ.மீ.யில் 3.8 க.செ.மீ. இந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே போய்விட்டது. எஞ்சிய 4.6 க.செ.மீ. திரவம் ஸ்லேவ் பிஸ்டனை 0.58 செ.மீ. மட்டுமே நகர்த்தும். வேண்டியது 1.05, கிடைத்தது அதில் பாதியைவிடச் சற்றே அதிகம். கிளட்ச் முழுவதும் விடுபடவில்லை. பற்சக்கரங்கள் கத்தியதற்குக் காரணம் இதுதான்.

இது வெறும் அசௌகரியம் அன்று. சிக்னலில் நிற்கும்போது கியர் போட்டபடி பெடலை மிதித்துக் கொண்டிருக்கும் ஓட்டுநரின் நிலையை எண்ணிப் பாருங்கள். கிளட்ச் விடுபடாவிட்டால் வண்டி முன்னே நகரத் தொடங்கும். எதிரே சாலையைக் கடப்பவர்கள் இருக்கலாம். ஆகவே இத்தகைய கசிவை நாளை பார்த்துக் கொள்ளலாம் என்று தள்ளிப் போடக் கூடாது.

சைக்கிள் பம்பும் பிராமாவின் அழுத்தியும்

பிஸ்டன் தடையின்றி நகரவும் வேண்டும். திரவம் கசியவும் கூடாது. இவை ஒன்றுக்கொன்று முரணான தேவைகள். 1795இல் ஜோசப் பிராமா என்னும் ஆங்கிலேயர் நீரழுத்த இயந்திரத்துக்கு உரிமம் பெற்றபோது இதே சிக்கல்தான் அவருக்கும் குறுக்கே நின்றது. பிஸ்டனைச் சுற்றி இறுக்கமாக அடைத்தால், வேலை முடிந்தபின் அது திரும்ப மறுத்தது. தளர்வாக அடைத்தால் நீர் பீறிட்டது.

விடை எளிமையானது. தோலைக் கிண்ணம்போல் வளைத்து, அதன் வாய் நீரைப் பார்த்தபடி வைத்தார்கள். நீரின் அழுத்தம் ஏறும்போது அந்த அழுத்தமே கிண்ணத்தின் விளிம்பை விரித்துச் சுவரோடு இறுக்குகிறது. அழுத்தம் நீங்கியதும் விளிம்பு தளர்ந்து பிஸ்டன் எளிதாகத் திரும்புகிறது. கசியச் செய்யும் விசையையே கசிவைத் தடுக்கப் பயன்படுத்திய இந்தத் தந்திரத்தைக் கண்டவர் பிராமாவின் பட்டறையில் பணியாற்றிய ஹென்றி மாட்ஸ்லே என்று கூறுவர்.

இந்தக் கிண்ணத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கைச் சைக்கிள் பம்பின் தண்டைக் கழற்றினால் நுனியில் இருக்கும் தோல் வாஷர் அதுதான். கீழே அழுத்தும்போது விளிம்பு விரிந்து காற்றை விடாமல் தள்ளும். மேலே இழுக்கும்போது விளிம்பு மடங்கி, வெளிக்காற்று அதைக் கடந்து உள்ளே வரும்.

கிளட்ச் சிலிண்டர்களிலும் இதே கிண்ணம் ரப்பரில் உள்ளது. சைக்கிள் பம்பில் நன்மையாக இருந்த குணம் இங்கே தீமையாகவும் முடியலாம். தேய்ந்துபோன கிண்ணம் அழுத்தம் உள்ளபோது ஓரளவு சமாளித்துவிடும். பெடல் வேகமாகத் திரும்பும்போது உள்ளே அழுத்தம் குறைந்தால், தளர்ந்த விளிம்பைத் தாண்டிக் காற்று புகுந்துவிடும். தரையில் ஒரு சொட்டுக்கூட விழாமலேயே குழாயில் காற்று சேர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கசிவு எங்கே?

நம் உரிமையாளர் இப்போது கசிவைத் தேட வேண்டும். அவர் பார்க்க வேண்டிய இடங்கள் நான்கு.

முதலாவது, மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்கம். இங்கே கிண்ணம் தேய்ந்திருந்தால் திரவம் பெடல் வழியாக வழிந்து ஓட்டுநரின் காலடியில் சேரும். பெடலின் பெயிண்டு உரிந்திருப்பதே நல்ல தடயம்.

இரண்டாவது, உலோகக் குழாய். எஃகுக் குழாய் உப்பாலும் ஈரத்தாலும் துருப்பிடித்து ஊசித்துளை விழலாம்.

மூன்றாவது, ரப்பர் ஹோஸ். வயதானால் வெளியே வெடிப்பு தெரியும். உள்ளே மென்மையாகியிருந்தால் அழுத்தத்தில் பலூன் போல உப்பி, கசியாமலேயே திரவத்தை விழுங்கும்.

நான்காவது, ஸ்லேவ் சிலிண்டர். இதன் வாயில் தூசி புகாமல் ஒரு ரப்பர் உறை போட்டிருக்கும். அதை மெல்லப் பின்னுக்குத் தள்ளிப் பார்க்க வேண்டும். உள்ளே திரவம் தேங்கியிருந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டார்.

கண்ணுக்குத் தெரியாத கசிவு ஒன்றும் உண்டு. மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே திரவம் கிண்ணத்தைத் தாண்டிப் பின்னுக்குப் போகலாம். அப்போது பெடலை ஒரே விசையோடு மிதித்துக் கொண்டிருந்தால் அது மெதுவாகக் கீழே அமிழ்ந்து கொண்டே போகும்.

பழைய கார்களின் அடியில் எஞ்சின் எண்ணெயும் சொட்டுவதுண்டு. சொட்டியது எது என்று எப்படி அறிவது? ஒரு கண்ணாடிக் குவளை நீரில் அதில் ஒரு துளியை விடுங்கள். எஞ்சின் எண்ணெய் மேலே படலமாக மிதக்கும். கிளட்ச் குழாயில் உள்ள திரவமோ நீரில் கரைந்துவிடும். 'பிரேக் ஆயில்' என்று நாம் அழைத்தாலும் அது எண்ணெயே அன்று. கிளைக்கால் ஈதர் வகைச் சேர்மங்களால் ஆன திரவம் அது. டாட் 3, டாட் 4 என்று டப்பாவில் குறித்திருப்பவை இவ்வகை. டாட் 5 என்பது சிலிக்கோன் வகை. அது நீரில் கரையாது. ஆகவே இந்தச் சோதனை அதற்குப் பொருந்தாது.

நீரோடு கலக்கும் இந்தக் குணம் ஒரு குறையும்கூட. திரவம் காற்றிலுள்ள ஈரத்தைச் சிறிது சிறிதாக உறிஞ்சிக் கொள்கிறது. டாட் 4 திரவம் புதிதாக இருக்கையில் அதன் கொதிநிலை 230 டிகிரி செல்சியசுக்குக் குறையக் கூடாது என்பது விதி. குறிப்பிட்ட அளவு ஈரம் ஏறிய நிலையில் 155 டிகிரி இருந்தாலே போதும் என்று அதே விதி ஏற்றுக் கொள்கிறது. உறிஞ்சிய நீர் சிலிண்டரின் உட்சுவரையும் அரிக்கிறது. மாதக்கணக்கில் பிஸ்டன் நகராமல் நின்றால் அந்த இடத்தில் சிறு குழிகள் விழும். ஏப்ரலில் முதல் மிதியில் கிண்ணத்தின் மென்மையான விளிம்பு அந்தக் குழிகளின் மீது உரசிக் கிழிகிறது. குளிர்காலம் முழுதும் ஓய்வெடுத்த காரில் கசிவு தோன்றுவது ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா?

பழுது பார்த்தல்

காரின் அடியில் வேலை செய்வதற்கு முன் அதை உறுதியான தாங்கிகளின் மீது நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் கீழே படுப்பது உயிருக்கே ஆபத்து. கண்ணுக்குக் கண்ணாடி அணிய வேண்டும். இந்தத் திரவம் நஞ்சு, தோலுக்கும் ஆகாது. பெயிண்டின் மீது பட்டால் அதை மென்மையாக்கி உரித்துவிடும். பட்டால் துணியால் தேய்க்காமல் உடனே நிறைய நீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும். நீரில் கரையும் குணம் இங்கே நமக்கு உதவுகிறது.

ஸ்லேவ் சிலிண்டரைக் கழற்றி, வாயைத் துணியால் மூடிக் கொண்டு, சைக்கிள் பம்பினால் பின்பக்கத் துளையில் மெல்லக் காற்றடித்தால் பிஸ்டன் வெளியே வரும். உட்சுவரை விளக்கொளியில் பார்க்க வேண்டும். அது கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருந்தால் புதிய கிண்ணம் போதும். குழிகள் இருந்தால் புதிய கிண்ணமும் சில நாட்களில் கிழியும். அப்போது சிலிண்டரையே மாற்றுவது, அல்லது உள்ளே துருப்பிடிக்காத உலோக உறை ஒன்றைச் செருகிக் கொள்வதுதான் சரியான வழி.

புதிய கிண்ணத்தைச் சுத்தமான பிரேக் ஆயிலில் நனைத்துப் பொருத்த வேண்டும். எஞ்சின் எண்ணெய், பெட்ரோல், சாதாரண கிரீஸ் எதுவும் படக் கூடாது. இந்த ரப்பர் அவற்றை உறிஞ்சி ஊதிப் போகும். கிண்ணத்தின் வாய் திரவத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. திருப்பிப் போட்டால் அழுத்தம் விளிம்பை விரிப்பதற்குப் பதிலாக மடக்கிவிடும்.

குழாயை மாற்றுவோர் பெரும்பாலும் செம்பு-நிக்கல் உலோகக் கலவைக் குழாயைப் போடுகிறார்கள். அது எஃகைப்போல் துருப்பிடிப்பதில்லை, வளைக்கவும் எளிது. குழாயின் நுனி புனல்போல் விரிக்கப்பட்டிருக்கும். நட்டு அந்த விரிந்த நுனியை எதிர்ப்பக்கத்து உலோகத்தோடு அழுத்துகிறது. கசிவைத் தடுப்பது உலோகத்தோடு உலோகம் பொருந்தும் இந்த இடமே தவிர, மரை அன்று. ஆகவே மரையில் நூலும் பசையும் சுற்றுவதால் பயனில்லை. மிகையாக முறுக்கினால் மரையே கெட்டுவிடும்.

ஏர் எடுத்தல்

எல்லாவற்றையும் பூட்டியபின் குழாய் முழுதும் காற்று நிறைந்திருக்கிறது. அதை வெளியேற்றுவதைத்தான் மெக்கானிக்குகள் 'ஏர் எடுப்பது' என்பார்கள். வழக்கமான முறையில் ஸ்லேவ் சிலிண்டரிலுள்ள சிறு திருகைத் தளர்த்தி, ஒருவர் பெடலை மிதிக்க, மற்றவர் திரவமும் குமிழியும் வெளியேறியதும், பெடல் மேலே வருமுன் திருகை மூடுவார். மேலே டப்பாவில் திரவம் வற்றாமல் ஊற்றிக் கொண்டேயிருக்க வேண்டும். வற்றினால் காற்று மீண்டும் உள்ளே போய்விடும். செய்த வேலையெல்லாம் வீண்.

சில கார்களில் இப்படி எத்தனை முறை செய்தாலும் பெடல் பஞ்சாகவே இருக்கும். காரணம் ஆர்க்கிமிடீசுக்குத் தெரியும். குமிழி திரவத்தைவிட இலேசானது, மேலேதான் செல்லும். நாமோ அதைக் கீழே தள்ளி வெளியேற்றப் பார்க்கிறோம். குழாயின் உட்துளை 0.2 சதுர செ.மீ. என்றால், ஒரு மிதியின் 8.4 க.செ.மீ. திரவம் குழாயில் சுமார் 40 செ.மீ. தொலைவுதான் நகரும். அடுத்த மிதிக்குள் குமிழி மீண்டும் மேலே ஏறி, குழாயின் உயர்ந்த வளைவில் போய் ஒளிந்து கொள்ளும்.

இயற்கையோடு சண்டையிடுவதைவிட அதன் போக்கில் போவது நல்லது. எண்ணெய்க் கேன் அல்லது பெரிய சிரிஞ்சு ஒன்றில் புதிய திரவத்தை நிரப்பி, ஒரு மெல்லிய குழாயால் ஸ்லேவ் சிலிண்டரின் திருகோடு இணைத்து, கீழிருந்து மேலாக மெதுவாகச் செலுத்துகிறார்கள். குமிழிகள் தாம் போக விரும்பும் திசையிலேயே போய் மேலே டப்பாவில் வெடிக்கின்றன. டப்பா நிரம்பி வழியாமல் முன்னரே அதில் சிறிது திரவத்தை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

அளவுகோலின் தீர்ப்பு

இப்போது நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். பழுது திரவத்திலா, கிளட்சிலா? ஒருவர் எஞ்சினை நிறுத்திய நிலையில் பெடலை முழுவதும் மிதிக்கட்டும். மற்றவர் ஸ்லேவ் சிலிண்டரின் தண்டு எவ்வளவு நகர்கிறது என்று அளவுகோலால் அளக்கட்டும். நம் கணக்கின்படி அது ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் நகர வேண்டும். அரை சென்டிமீட்டர்தான் நகர்கிறது என்றால் காற்றோ கசிவோ உள்ளது. எஞ்சினைத் தொடவே வேண்டாம். தண்டு முழுமையாக நகர்ந்தும் கியர் விழவில்லை என்றால் பழுது உள்ளே இருக்கிறது; அப்போதுதான் எஞ்சினை இறக்குவது பற்றி யோசிக்க வேண்டும்.

இந்தச் சோதனைக்கு ஆகும் நேரம் ஐந்து நிமிடம். இதைச் செய்யாமல் எஞ்சினை இறக்கி, நல்ல கிளட்சை வெளியே எடுத்துப் பார்த்து, பிறகு தலையில் கை வைத்துக் கொண்டவர்கள் எத்தனையோ பேர். பிரித்துப் பார்ப்பதற்கு முன் அளந்து பார்ப்பதே அறிவியல் முறை.

நீங்களே செய்து பாருங்கள்

மருந்துக் கடையில் ஊசியில்லாத 5 மி.லி. சிரிஞ்சு ஒன்றும், 20 மி.லி. சிரிஞ்சு ஒன்றும் வாங்குங்கள். இரண்டின் நுனிகளையும் ஒரு முழ நீளமுள்ள மெல்லிய பிளாஸ்டிக் குழாயால் இணையுங்கள். நீருக்குள் அமிழ்த்தி, காற்றே இல்லாமல் நீரை நிரப்பிக் கொள்ளுங்கள். சிறிய சிரிஞ்சின் தண்டைத் தள்ளும்போது பெரியதன் தண்டு எவ்வளவு நகர்கிறது என்று இரண்டையும் அளவுகோலால் அளந்து குறியுங்கள். நண்பர் ஒருவர் பெரிய தண்டைத் தம் கட்டை விரலால் தடுக்கட்டும். நீங்கள் சிறியதைத் தள்ளுங்கள். வெல்வது யார்?

பிறகு குழாயைக் கழற்றி 2 மி.லி. காற்றை உள்ளே விட்டு மீண்டும் இணையுங்கள். நண்பர் அதேபோல் தடுக்கட்டும். இம்முறை உங்கள் விரலுக்குக் கீழே ஒரு வில் இருப்பதுபோல் உணர்வீர்கள். குழாயில் குமிழி சுருங்குவதைக் கண்ணாலும் காணலாம். ஏப்ரல் மாதத்தில் அந்த ஓட்டுநரின் காலடியில் இருந்த பஞ்சு இதுவே.

முடிவாக ஒரு கேள்வி. குழாயில் காற்று உள்ள காரில் கிளட்ச் பெடலை நாலைந்து முறை வேகமாக மிதித்தால், சிறிது நேரத்துக்குக் கிளட்ச் ஓரளவு வேலை செய்யும். ஏன்? சைக்கிள் பம்பின் தோல் வாஷர் திரும்பும்போது என்ன செய்கிறது என்பதையும், மாஸ்டர் சிலிண்டரின் மேல் ஒரு டப்பா திரவம் இருப்பதையும் நினைத்துப் பாருங்கள். விடை தானே வரும்.